மருத்துவமனை பில்லுக்குப் பின்னால் ஒரு வேலை

"காலை பத்து மணிக்கே டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டார். நாங்க வீடு போய்ச் சேர்ந்தப்போ ராத்திரி எட்டு மணி." வானொலியில் மருத்துவக் காப்புறுதி பற்றி எப்போது பேசினாலும், நேயர்கள் முதலில் சொல்லும் புகார் இதுதான். நோய் குணமாகிவிட்டது, மருந்துப் பையும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நோயாளி கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. "கணினியில் இன்னும் வரவில்லை" என்று தாதி சொல்கிறார்.

அந்தக் கணினிக்குள் என்னதான் நடக்கிறது? அதைத் தெரிந்து வைத்திருப்பதையே வேலையாகக் கொண்ட சிலர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களுக்கு 'ஹெல்த்கேர் ரெவினியூ சைக்கிள் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்' என்று நீளமான பெயர். எளிமையாகச் சொன்னால், மருத்துவமனைக்கு வரவேண்டிய பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பதைக் கணினியில் கண்டுபிடித்துச் சரிசெய்பவர்கள்.

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த என் தோழி ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறார். தன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரோடு பேசப் பேச, இது கோலாலம்பூர் அலுவலகங்களோடு முடிந்துபோகும் விஷயம் இல்லை என்று புரிந்தது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், சபாக் பெர்ணம் வட்டாரத்துக் குடும்பங்களின் பணம் இதில் இருக்கிறது.

டிரெசர் புத்தகம் இருந்த காலம்

மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், இன்றைய பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே நட்டார். அதற்கு முன்பும் பின்பும் இந்த வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையுமாகத் தோட்டங்கள் பெருகின. தோட்டத்து ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் போகும் இடம் ஒன்றுதான், தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே டிரெசர் இருப்பார். நோயாளியின் பெயரைப் புத்தகத்தில் எழுதி, மருந்து கொடுத்து, வேலைக்குப் போகக்கூடாது என்றால் சீட்டும் கொடுப்பார். அந்தச் சீட்டைப் பார்த்துக் கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். மருத்துவச் செலவைத் தோட்ட நிர்வாகம் ஏற்கும்.

டிரெசர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வீடு, மருத்துவ வசதி குறித்து 1990இல் இன்னொரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஆஸ்பத்திரிகள் எல்லாமே நன்றாக இருந்தன என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், 'இதற்கு யார் பணம் கட்டுவது?' என்ற கேள்வி நோயாளியிடம் வரவில்லை. பதிவேடும் ஒன்று, பணப்பெட்டியும் ஒன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் இடம் மாறியபோது அந்த ஒற்றைக் கதவும் மூடியது. இன்று தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போனால் ஒரு வழி, கிள்ளானில் தனியார் மருத்துவமனைக்குப் போனால் வேறு வழி. வேலையிடத்தில் அடிபட்டால் சொக்சோ. கம்பெனி கார்டு இருந்தால் கம்பெனியின் பேனல் கிளினிக். சொந்தமாக எடுத்த காப்புறுதி இருந்தால் அதற்குத் தனி விதி. எஸ்டிஆர் உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம். அதில் இலவச உடல் பரிசோதனையும், தகுதி பெற்ற நோயாளிகளுக்கு மருத்துவக் கருவி வாங்க 20,000 வெள்ளி வரை உதவியும் உண்டு.

ஒரே ஆள், ஒரே உடம்பு, ஆனால் ஐந்தாறு பணப்பெட்டிகள். எந்தப் பெட்டி திறக்கும் என்பதைப் பதிவு கவுண்டரில் தட்டச்சு செய்யப்படும் சில கட்டங்கள் தீர்மானிக்கின்றன.

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு இந்தக் கவலை குறைவுதான். 1982ஆம் ஆண்டு கட்டண ஆணை வைத்த தொகைதான் அடிப்படை. வெளிநோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. ஆனால் அங்கேயும் 'குடியுரிமை' என்ற ஒரு கட்டம் இருக்கிறது. குடிமக்கள் அல்லாதவர்களுக்கு 2014ஆம் ஆண்டு ஆணையின் கீழ் வேறு கட்டணம், பல மடங்கு அதிகம். அடையாள ஆவணச் சிக்கலில் மாட்டிக்கொண்ட தோட்டப்புற இந்தியர்களைப் பற்றி நாம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். மருத்துவமனைக் கணினியில் அந்தச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

மட்டை விழுந்தது எங்கே?

தோழி இந்த வேலையின் அருமையை உணர்ந்தது அலுவலகத்தில் இல்லை, தன் சித்தப்பா விஷயத்தில்.

சித்தப்பா குத்தகைக்காரர் ஒருவரிடம் செம்பனைக் குலை வெட்டும் வேலை பார்த்தார். ஒருநாள் வெட்டிய மட்டை தோளில் விழுந்தது. குத்தகைக்காரரே கிளினிக்குக் கூட்டிப் போனார். போகும் வழியில், "வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க, பேப்பர் வேலை மிச்சம்" என்றார். சித்தப்பா அப்படியே சொன்னார், கவுண்டரில் அப்படியே பதிவானது. பிறகு அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது காறை எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. இரண்டு மாதம் எம்சி கிடைத்தது. குத்தகைக்காரரோ வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றுவிட்டார்.

மருத்துவரின் குறிப்பு கணினியில் நோய்க் குறியீடாக மாறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. காயம் என்றால், அது எப்படி நேர்ந்தது என்பதற்கும் தனிக் குறியீடு உண்டு. மேலிருந்து பொருள் விழுந்து அடிபட்டால் டபிள்யு20. வழுக்கி விழுந்தால் டபிள்யு01. அடுத்து வரும் ஓர் இலக்கம் இடத்தைச் சொல்லும். வீடு என்றால் 0, விவசாய நிலம் என்றால் 7.

சித்தப்பாவின் தாளில் இருந்தது வழுக்கி விழுந்ததும் வீடும். உண்மையில் நடந்தது மட்டை விழுந்ததும் தோட்டமும். சொக்சோ தன் முடிவை அந்தக் குறியீட்டை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. ஆனால் மருத்துவப் பதிவு ஒன்று சொல்ல, விண்ணப்பம் வேறொன்று சொன்னால், யாராக இருந்தாலும் விளக்கம் கேட்கத்தான் செய்வார்கள். கூட வேலை செய்த இருவரின் வாக்குமூலம், மருத்துவரின் விளக்கக் கடிதம் எல்லாம் சேர்த்துக் கொடுத்து முடிப்பதற்கு ஏழு மாதம் ஆனது. அதற்குள் சித்தியின் வளையல் அடகுக்குப் போய்விட்டது.

"அக்கா, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. நாம சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். முதல்ல சொன்னது தப்புன்னா, அதுக்கு மேல எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் அந்தத் தப்பு போகாது" என்றார் தோழி.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சொக்சோ 1971இலிருந்து இயங்கி வருகிறது. வேலையிடத்து விபத்தால் குறைந்தது 4 நாள் எம்சி கிடைத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக முடக்க உதவியாக உண்டு. விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு விரிந்திருக்கிறது. சட்டம் கொடுத்ததைக் கவுண்டரில் சொன்ன ஒரு வார்த்தை தாமதப்படுத்தியதுதான் சித்தப்பாவின் கதை.

ஏ/எல், ஏ/பி படும் பாடு

நம் பெயர்களில் இருக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' கணினிக்குப் பெரிய தலைவலி. அடையாள அட்டையில் சாய்கோட்டோடு இருக்கும். ஒரு மென்பொருள் அந்தக் கோட்டை ஏற்காது. இன்னொன்று அதை நீக்கிவிட்டு ஒட்டி எழுதும். காப்புறுதி முகவர் விண்ணப்பத்தில் அதை விட்டே எழுதியிருப்பார். மூன்று இடத்தில் மூன்று பெயர். மனிதருக்கு ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்கு மூன்று பேர்.

அடையாள அட்டையின் 12 இலக்கம் இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். அதிலும் ஓர் இலக்கம் மாறிவிட்டால் கோரிக்கை திரும்பி வந்துவிடும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது எண் மாறிவிடுவதால் அந்நியத் தொழிலாளர்களின் பாடு இன்னும் சிரமம்.

இங்கேதான் அனலிஸ்டின் வேலை தொடங்குகிறது. திரும்பி வந்த கோரிக்கைகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது பில்லிங் பிரிவின் வேலை. ஏன் திரும்புகின்றன என்று கூட்டிப் பார்ப்பது அனலிஸ்டின் வேலை. ஒரு மாதத்துப் பட்டியலை எடுத்து வைத்து, பெயர்ப் பொருத்தம் இல்லாமல் திரும்பியவை எத்தனை, எந்தக் கவுண்டரிலிருந்து, எந்தக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து என்று பிரிப்பார். பிறகு மென்பொருளில் ஒரு விதி எழுதுவார்: அட்டையைப் பொறியில் வாசிக்காமல் கையால் பெயரைத் தட்டினால் எச்சரிக்கை காட்டு, விபத்து என்று குறித்தால், நடந்த இடத்தைக் கேட்காமல் அடுத்த பக்கம் போகவிடாதே. அந்த விதியைச் சோதித்துப் பார்த்து, கவுண்டரில் இருப்பவர்களுக்கு விளக்கி, அடுத்த மாதம் எண்ணிக்கை குறைந்ததா என்று பார்ப்பார்.

"கம்ப்யூட்டரோட பேசுறது கால்வாசி வேலைதான் அக்கா. மிச்சமெல்லாம் தாதிகளோடயும் கணக்குப் பிரிவோடயும் பேசுறது. ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குப் புரியாது" என்கிறார் தோழி.

அந்தப் பத்து மணி நேரம்

தனியார் மருத்துவமனையில் காப்புறுதி அட்டையோடு சேர்ந்தால், முதலில் 'கேரண்டி லெட்டர்' என்ற உத்தரவாதக் கடிதம் வரும். அது ஆரம்பக் கடிதம். வீட்டுக்குப் போகும் நாளில் இறுதிக் கடிதம் வேண்டும். அதற்கு மருந்தகம் பயன்படுத்தாத மருந்துகளைக் கழிக்க வேண்டும். வந்து பார்த்த ஒவ்வொரு மருத்துவரும் தம் கட்டணத்தைப் பதிய வேண்டும். சிகிச்சை அளித்த மருத்துவர் அறிக்கையை முடித்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு அது காப்புறுதி நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் கோரிக்கைகளைக் கவனிக்கும் நிர்வாக நிறுவனத்துக்கோ போகும். அவர்கள் சந்தேகம் கேட்டால் மருத்துவரைத் தேட வேண்டும். மருத்துவர் அப்போது அறுவை அறையில் இருப்பார்.

இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் நின்றாலும் எல்லாம் நிற்கும். எந்த வளையம் அடிக்கடி நிற்கிறது என்று நேரத்தைக் கணக்கெடுப்பதும் அனலிஸ்டின் வேலை. பல நேரம் குற்றவாளி கணினியாக இருப்பதில்லை, முடிக்கப்படாத ஓர் அறிக்கையாகவே இருக்கும்.

நேயர்கள் அடுத்துக் கேட்பது, "பில் ஏன் இவ்வளவு?" என்பது. தனியார் மருத்துவர்கள் வாங்கும் கட்டணத்துக்கு 2006ஆம் ஆண்டு விதிகளின் 13ஆவது அட்டவணை உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2013இல் அது திருத்தப்பட்டது. ஆனால் மருந்து, கையுறை, ஊசி, அறை போன்ற மருத்துவமனைக் கட்டணங்கள் அந்த உச்சவரம்புக்குள் வருவதில்லை. பில் வீங்குவது பெரும்பாலும் அங்கேதான். காப்புறுதிச் சந்தா உயர்வு பொதுமக்களைக் கொதிக்க வைத்ததால், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து விதிக்கச் சொன்னது. 2025 மே முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்ட வேண்டும் என்ற ஆணையும் வந்தது.

அடுத்து வரப்போவது டிஆர்ஜி முறை. ஒவ்வொரு பஞ்சுக்கும் ஊசிக்கும் தனித்தனியே கணக்குப் போடாமல், ஒரே வகை நோய்களை ஒரு தொகுதியாக்கி, தொகுதிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 2002இலேயே இதன் அடிப்படையான கேஸ்மிக்ஸ் முறையைத் தொடங்கியது. சுகாதார அமைச்சு 2010 முதல் தன் மருத்துவமனைகளில் அதைக் கொண்டுவந்தது. தனியார் மருத்துவமனைகளுக்கும் அதைக் கொண்டு செல்வதுதான் இப்போதைய திட்டம். அப்போது, மருத்துவர் எழுதும் ஒவ்வொரு சொல்லும் இன்னும் கனமாகும். நோயாளிக்கு நீரிழிவும் இருக்கிறது என்று எழுதாமல் விட்டால் குறியீடு விழாது, கட்டணம் குறையும். இல்லாத சிக்கலை இருப்பதாக எழுதினால் கட்டணம் ஏறும். முதலாவது மருத்துவமனைக்கு நட்டம், இரண்டாவது நமக்கு அநியாயம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அனலிஸ்டுக்குச் சம்பளம் கொடுப்பது மருத்துவமனை அல்லது காப்புறுதித் தரப்பு. நோயாளி இல்லை. மருத்துவமனை அனலிஸ்ட் விட்டுப்போன கட்டணத்தைத் தேடுவார். காப்புறுதித் தரப்பு அனலிஸ்ட் கூடுதலாகப் போட்டதைத் தேடுவார். "ரெண்டு தடவை ஏறின கட்டணத்தைக் கண்டுபிடிச்சா அதையும் எடுத்துச் சொல்லணும். கூட்டுறது மட்டும்தான் வேலைன்னு நினைச்சா, இந்த வேலையில ராத்திரி தூக்கம் வராது" என்று தோழி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வேலை நின்றால்...

2024 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவில் 'சேஞ்ச் ஹெல்த்கேர்' என்ற நிறுவனத்தை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். மருத்துவமனைக்கும் காப்புறுதிக்கும் இடையே கோரிக்கைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனம் அது. நாடு முழுவதும் மருந்தகங்கள் தடுமாறின, மருத்துவமனைகளுக்குப் பணம் வரவில்லை. சிறிய கிளினிக்குகள் சம்பளம் கொடுக்கத் திண்டாடின. தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் 2 கோடியே 20 இலட்சம் டாலர் பிணைப்பணம் கட்டியதை ஒப்புக்கொண்டது. சுமார் 19 கோடிப் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் தெரிவிக்கப்பட்டது. திருடர்கள் நுழைந்த வாசலில் இரண்டாம் அடுக்கு அடையாளச் சோதனை வைக்கப்பட்டிருக்கவில்லை.

ஒரு மருத்துவருக்கும் எதுவும் ஆகவில்லை, ஒரு மருந்தும் கெட்டுப்போகவில்லை. பில் போகும் பாதை மட்டும் அடைபட்டது. மருத்துவம் அந்தப் பாதையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று அன்று தெரிந்தது.

நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லிங், கோடிங் வேலைகளைச் சென்னையில் இரவு முழுக்க விழித்திருந்து செய்யும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இங்கே அதே திறன் தனியார் மருத்துவமனைகளுக்கும், காப்புறுதி நிறுவனங்களுக்கும், கோரிக்கை நிர்வாக நிறுவனங்களுக்கும், மென்பொருள் நிறுவனங்களுக்கும் தேவைப்படுகிறது. இதற்கென்று ஒரே படிப்பு கிடையாது. தகவல் தொழில்நுட்பம் படித்தவர்கள், கணக்கியல் படித்தவர்கள், மருத்துவப் பதிவேட்டுப் பிரிவிலிருந்தோ தாதிமையிலிருந்தோ வந்தவர்கள் எல்லாரும் இதில் இருக்கிறார்கள். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழி வேண்டும். ஐசிடி-10 பட்டியலைப் புரட்டத் தெரிய வேண்டும். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பெஸ்தாரி ஜெயாவிலேயே யூனிசெல் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. 2011இல் லத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் மருத்துவம் கிடைக்கவில்லை என்றதும் "சுகாதாரத் துறை நமக்கு இல்லை" என்று முடிவு செய்யும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பக்கவாசல் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

நம் பிள்ளைகளிடம் இன்னொரு பலமும் இருக்கிறது. 'ஏ/எல்' என்பது பிழை இல்லை, பெயரின் ஒரு பகுதி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குத்தகைத் தொழிலாளி ஏன் 'வீட்டில் விழுந்தேன்' என்று சொல்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அது தெரிந்தவர் விதி எழுதினால், அந்த விதி வேறு மாதிரி இருக்கும்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

கவுண்டரில் பெயரை வாயால் சொல்லாமல் அடையாள அட்டையைக் கொடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் உங்கள் பெயர் அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே பாருங்கள்.

வேலையிடத்தில் அடிபட்டால் நடந்த இடம், நேரம், விதம் மூன்றையும் உள்ளது உள்ளபடி முதல் மருத்துவரிடமே சொல்லுங்கள். யார் மாற்றிச் சொல்லச் சொன்னாலும் கேட்காதீர்கள். பார்த்தவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள். சொக்சோ சந்தா செலுத்தப்படுகிறதா என்று இப்போதே சோதியுங்கள்.

தனியார் மருத்துவமனையில் சேரும் முன் உத்தேசச் செலவைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. காப்புறுதி எதையெல்லாம் ஏற்காது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் மாலையே, "அறிக்கை தயாரா டாக்டர்?" என்று மரியாதையோடு கேட்டு வையுங்கள். மறுநாள் காத்திருப்பில் சில மணி நேரமாவது குறையலாம்.

மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லோடு கிளம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பொருள் இரண்டு முறை வந்திருந்தால் விளக்கம் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் நோயாளிகளின் புகாரைக் கவனிக்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

வீட்டில் 40 வயதைத் தாண்டியவர்கள் எஸ்டிஆர் பெற்றால், பெக்கா பி40 பரிசோதனைக்கு இந்த மாதமே ஒருநாள் ஒதுக்குங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பெரிய பில் வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.